வெள்ளிக்கிழமைக்கு ஒரு தனி லைன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். "அந்த மூக்கே சப்ப மூக்கு, அதுல கோவம் எப்புடித்தான் வழுக்காம ஒக்காருதோ" என்றும் சேர்த்துக்கொள்வாள். இப்போதெல்லாம் அதை அவள் குவைத்திலிருந்துதான் சொல்கிறாள். அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

அவள் அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வாரத்தில் ஆறு நாள் அவளுடைய போன் மேடத்தின் அலுமாரிக்குள் கிடக்கும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் எல்லோரும் பிந்தித்தான் சாப்பிட வருவார்கள் என்பதால், சமையல் தொடங்குவதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குப் போன் அவள் கைக்கு வரும். அவர்களுக்கு அப்போது காலை ஒன்பதரை. நமக்குப் பகல் பன்னிரண்டு. அந்த அரை மணித்தியாலத்துக்காக நான் மிச்ச நாட்களை எப்படியோ தள்ளிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் எழும்பும்போதே அடுத்த வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலை யாராவது ஒரு அப்பாவி மேல் காட்டிவிடுவேன்.

நான் மாத்தளையிலிருந்து நாலந்தா போகும் வழியில் ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் கம்பியூட்டர்களையும் இணையத்தையும் பார்த்துக்கொள்கிறவன். மிளகும் கராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாக வரும், சுத்தம் செய்து பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குப் போகும். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து கம்பியூட்டர் படித்தவன் என்று எங்கள் ஆட்கள் மத்தியில் எனக்குக் கொஞ்சம் மவுசு உண்டு. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த மரியாதை மனுஷனைக் கெடுத்துவிடும். என்னைக் கெடுத்தது.

தொழிற்சாலை மெயின் ரோட்டிலிருந்து கீழே, ஓடையோரம், ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. ஃபைபர் லைன் ஒன்று வந்தது. ஆனால் காற்றடித்தால் பலாக்கிளை அதன் மேல் விழும். கிளை விழுந்தால் கம்பி அறும். கம்பி அறுந்தால் ஏற்றுமதிக் கடதாசிகள் ஒன்றும் நகராது, எங்கள் முதலாளி மாத்தயா மேல்மாடியிலிருந்து சிங்களத்தில் என்னைக் கூப்பிடும் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். ஆகவே வேறொரு நிறுவனத்திடமிருந்து இரண்டாவது லைன் எடுப்பது என்று முடிவாயிற்று.

அது கம்பியில்லாத லைன். ஆனால் பள்ளத்துக்குள் அது பிடிக்காது. ரோட்டோரத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம், போய்க் கேட்டேன். கம்பிக்கட்டு, பெயின்ட், பைப், ஆணி என்று எல்லாம் விற்கிற, மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய கடை மேல்மாடியில் அன்டெனாவைப் பூட்டினால் சிக்னல் தாராளமாகக் கிடைக்கும். அங்கிருந்து எங்கள் கூரைக்கு இரண்டு சின்னப் பெட்டிகளை நேருக்கு நேர் வைத்து இணையத்தைக் கீழே இறக்கலாம்.

"வையுங்க தம்பி, அதுல என்ன ஈக்கி," என்றார் நானா. "கரண்ட் கொஞ்சந்தானே குடிக்கும்? எங்கட சுவர்ல எவ்வளவோ காக்கா ஒக்காருது, ஒங்கட பெட்டியும் ஒக்காரட்டும்."

இரண்டு லைனும் வந்து சேருகிற இடத்தில் ஃபயர்வோல் என்ற ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளேயிருந்து வெளியே போவதும் வெளியேயிருந்து உள்ளே வருவதும் அதைக் கேட்டுத்தான் போகும், வரும். இரண்டு வாசல் வைத்த வீட்டில், யார் எந்த வாசலால் போக வேண்டும் என்று சொல்கிற ஆள் மாதிரி. அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்தப் பெட்டியின் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தோட்டத்துத் துரை மாதிரி ஒரு மிதப்பு எனக்கு வந்துவிடும்.

முதல் வாரமே மூக்குடைந்தேன். இரண்டு லைனுக்கும் பாதிப் பாதியாக வேலையைப் பிரித்துவிட்டேன். ஏற்றுமதிக் கடதாசிகளைப் பார்க்கும் மிஸ் ஓடி வந்தார். சுங்கத்து இணையப் பக்கத்துக்குள் போனால் ஒவ்வொரு தடவையும் வெளியே தள்ளிவிடுகிறதாம். அது அப்படித்தான். ஒரு கேள்வி ஒரு வாசலாலும் அடுத்த கேள்வி மற்ற வாசலாலும் போனால், அந்தப் பக்கத்தில் இருக்கிறவன் இது வேறு யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன். பிறகு எல்லா வேலையையும் ஃபைபரிலேயே விட்டு, அது செத்தால் மட்டும் நானா கடை லைனுக்கு மாறும்படி வைத்தேன். மிஸ் எனக்கு ஒரு பிளேன்டித் தேநீர் வாங்கிக் கொடுத்தார். கதை அத்தோடு சரியாகியிருந்தது. சரியாக இருந்ததை நான் சும்மா விட்டிருக்க வேண்டும்.

என் மனைவி போனது வீட்டுக்காக. பல்லேபொலப் பக்கம் ஒரு சின்னத் துண்டுக் காணி வாங்கி, சுவர் எழுப்பி, தகரம் போட்டிருந்தோம். பூச்சும் இல்லை, நிலத்துக்குச் சீமெந்தும் இல்லை. "ரெண்டே ரெண்டு வருசம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாருக்கு ஓடியதோ தெரியவில்லை, எனக்கு ஓடவில்லை. கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்தில் நான் துவைத்த துணிகளை மடிக்காமல் குவித்து வைப்பேன். அந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்க முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்.

"என்னங்க, இவங்க இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நான் என்ன சொல்ல?"

"ஒன் விருப்பம்தான்," என்றேன்.

அடுத்த வெள்ளியும் கேட்டாள். அதற்கும் அடுத்த வெள்ளியும் கேட்டாள். நான்காவது வெள்ளியும் கேட்டாள். நான்கு தடவையும் அதையே சொன்னேன். எனக்கு அவள் வர வேண்டும் என்று உயிர் துடித்தது. ஆனால் 'வா' என்று சொன்னால், 'வீட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பொண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டவன்' என்று நாலு பேர் சொல்வார்கள். 'இரு' என்று சொன்னால் நான் என்ன மனுஷன்? ஆகவே பாரத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, பெருந்தன்மை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். படம் விட்டு விட்டு வருவதால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நான்காவது வெள்ளிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. அவளுக்கு ஒன்பது வயது. என் அக்கா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, நான் ஈரத்துணியை நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை கண்ணைத் திறக்காமல் "அத்தே... அத்தே..." என்று கூப்பிட்டாள். அம்மாவைக் கூப்பிடவில்லை. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அக்கா வந்து பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் வெளியே போய்ப் பூசாத சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை சொல்லிவிட வேண்டும். வந்துடு. சுவர் பூசாமல் கிடந்தால் கிடக்கட்டும். நீ வந்துடு.

அந்த வெள்ளிதான் கடைசித் தவணையும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய அலுவலகம் திறந்ததும் கடதாசி போக வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமையே பதில் சொல்லச் சொல்லி மேடம் கேட்டிருந்தார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் செய்த ஆர்ப்பாட்டத்தைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை பகலில் ஃபைபரில் நெருக்கடி அதிகம். வாரக்கடைசி என்று எல்லாப் பிரிவும் கோப்புகளைக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். தொழிற்சாலை வைஃபையில் அவள் முகம் சதுரம் சதுரமாக உடைந்துதான் வரும். இவ்வளவு பெரிய வார்த்தையை உடைந்த முகத்துக்கா சொல்வது? புதன்கிழமை ஃபயர்வோலில் ஒரு விதி எழுதினேன். என்னுடைய கைப்பேசியிலிருந்து போவது எல்லாம் நானா கடை லைனால் மட்டுமே போக வேண்டும். வேறு எதற்காகவும் ஃபைபர் பக்கம் தலை காட்டக் கூடாது. மிஸ்ஸின் சுங்கக் கதை திரும்ப வரக் கூடாது அல்லவா, பாதியில் வாசல் மாறினால் கோல் அறுந்துவிடும். அந்த லைனில் வேறு ஒருவரும் இல்லை. முழு லைனும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். என் மனைவிக்கு நான் வாங்கிக் கொடுத்த பட்டுச்சேலைகூட அவ்வளவு அகலம் இருந்திருக்காது.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே சோதித்துப் பார்த்தேன். கலேவெலயில் இருக்கும் ஒரு சிநேகிதனைக் கூப்பிட்டேன். அவனுடைய பல்லில் வெற்றிலைக்கறை தெரிந்தது. அரை மணித்தியாலம் பேசினேன். ஒரு துளி தடங்கல் இல்லை.

வெள்ளிக்கிழமை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சர்வர் அறைக் கதவைச் சாத்தினேன். பன்னிரண்டு ஐந்துக்குக் கோல் வந்தது.

அடடா! திரை முழுக்க அவள். இரண்டு வருஷத்தில் அவ்வளவு தெளிவாக அவளைப் பார்த்ததே இல்லை. மேலுதட்டு ஓரத்தில் இருக்கிற சின்ன மச்சம் தெரிந்தது. அந்த மச்சம் இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

"ஐயோ, தலையெல்லாம் நரச்சிருச்சேங்க ஒங்களுக்கு! எப்ப இருந்து?" என்றாள்.

"நீ போனதுல இருந்துதான்."

சிரித்தபடி வாயைப் பொத்தினாள். பொத்திய கையில், மணிக்கட்டுக்கு மேலே, கறுத்துப்போன ஒரு நீளத் தழும்பு தெரிந்தது. இவ்வளவு நாளும் அது சதுரங்களுக்குள் மறைந்து கிடந்திருக்கிறது.

"அது என்னா கையில?"

கையைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டாள். "அது ஒண்ணுமில்லங்க. எண்ண தெறிச்சது. அது எப்பவோ. அத விடுங்க, இன்னைக்கி என்னா இவ்வளவு தெளிவாத் தெரியிறீங்க? புது போனா?"

அவள் பேச்சை மாற்றினாள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும், கேட்டாளே அந்தக் கேள்வியை, அதில் போய் விழுந்தேன். எனக்குத்தான் வாய் இருக்கிறதே. புது போன் இல்லை, தனி லைன் என்றேன். ஃபயர்வோல் என்றேன். மாத்தயாவுக்கே இந்தச் சலுகை கிடையாது, உனக்கு மட்டும்தான் என்றேன். நானா கடையில் அன்டெனா ஏற்றியதை, பெட்டிகளை நேருக்கு நேர் பூட்ட நான் கூரையில் தொங்கியதை எல்லாம் கைகாலை ஆட்டிச் சொன்னேன். அவளும் "அப்புடியா, அப்புடியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்துப் பொண்டாட்டியைக் கண்ணுக்கு நேரே பார்க்கிறவன் பேசுகிற பேச்சா அது? அத்தோடு ஒரு காரணமும் இருந்தது. அந்த வார்த்தையைச் சொன்னால் நான் அழுதுவிடுவேன். அழுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவளே நிறுத்தினாள்.

"சரிங்க. மேடம் இன்னைக்கிக் கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? சொல்லுங்க."

மூச்சை இழுத்துக்கொண்டேன். "வந்துடு," என்றேன். "வீடு கெடக்குது. நீ வந்துடு. பிள்ளைக்கு நீ வேணும். எனக்கு நீ வேணும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண் இமைக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தாள். அதிர்ச்சியில் உறைந்துபோனாள் என்று நினைத்தேன். "ஏய், அழுவாத," என்றுகூடச் சொன்னேன். பிறகுதான் படம் நின்றிருப்பது தெரிந்தது. எப்போது நின்றது? என் வார்த்தைக்கு முன்னாலா, பின்னாலா? தெரியவில்லை.

திரும்ப எடுத்தேன். போகவில்லை. ஃபயர்வோல் திரையைப் பார்த்தேன். முதலாவது லைன் பச்சை. இரண்டாவது லைன் பச்சை. என் பக்கம் எல்லாம் சரி. அப்படியானால் கோளாறு குவைத்தில்தான். அந்த வீட்டு வைஃபையைத் திட்டினேன், அந்த மேடத்தைத் திட்டினேன், பெட்ரோல் தோண்டுகிற ஊரில் ஒரு ஒழுங்கான ரவுட்டர் இல்லையா என்று திட்டினேன். கைப்பேசியை அணைத்துப் போட்டேன். மறுபடி எடுத்தேன். மறுபடி பச்சையைப் பார்த்தேன். நான் வைத்த பச்சை, அது பொய் சொல்லுமா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியே கால் மணித்தியாலம் போயிற்று.

அப்போது ரோட்டுப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் பள்ளிவாசல் பயான், அவர்களுடைய பிரசங்கம், கேட்டது. கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். என் காதில் அப்போதுதான் விழுந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை.

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டரை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகால் ஆனால் நானா கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போவார். சும்மா சாத்த மாட்டார். முன்னொரு காலத்தில் பக்கத்துக் கடை ஒன்று வயர் பற்றி எரிந்ததைப் பார்த்தவர். பெயின்ட் இருக்கிற கடை என்ற பயத்தில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். "நானா, செத்த மையத்துக்குக்கூட இப்புடித் தொட்டுத் தொட்டு யாரும் கண்ண மூட மாட்டாங்க" என்று அதை வைத்து அவரைக் கேலி செய்தவனே நான்தான். மாத்தளையில் பிறந்தவனுக்கு வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கடை சாத்துவார்கள் என்று யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? நான் வியாழக்கிழமை சோதித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை!

அப்படியானால் அந்தப் பச்சை? அதற்கும் நான்தான் காரணம். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஃபயர்வோல் சில வினாடிக்கு ஒரு தடவை யாரையாவது "இருக்கியா?" என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை காட்டும். தூரத்தில், இணையத்துக்கு அப்பால் இருக்கிற ஒன்றைத்தான் கேட்கச் சொல்ல வேண்டும். நான் சோம்பேறித்தனத்தில் எங்கள் கூரைமேல் இருக்கிற பெட்டியையே கேட்கச் சொல்லியிருந்தேன். அதற்கு எங்கள் கரண்ட். நானா மெயினை இறக்கினால் அதற்கு என்ன? "இருக்கேன், இருக்கேன்" என்று அது சந்தோஷமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அந்த லைனால் அதற்கு முன்னால் யாருமே போனதில்லை, ஆகவே இது யாருக்கும் தெரியவில்லை. முதன்முதலாகப் போனது என் பொண்டாட்டியின் கோல். சொந்தச் செலவில் சூனியம் என்று சொல்வார்களே, அது இதுதான்.

அந்த விதியை அழித்தேன். கைப்பேசி ஃபைபருக்கு மாறியது. மாறிய அதே நொடியில் டிங் டிங் என்று வந்து விழுந்தன. அவள் எடுத்த கோல்கள் ஐந்து. அதன் கீழே ஒரு குரல் செய்தி.

"என்னங்க... அஞ்சு தடவ எடுத்துட்டேன். நீங்க எடுக்கல. நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல, அப்புடியே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஒங்களுக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கும்னு வெளங்குது. வீட்டு வேல முடியலதானே. மேடம் போன கேக்குறாங்க. நான் கையெழுத்துப் போட்டுர்றேன். பிள்ளைய நல்லாப் பாத்துக்கங்க."

உடனே கூப்பிட்டேன். போன் அணைத்திருந்தது. "வந்துடு" என்று எழுதி அனுப்பினேன். "போடாத" என்று அனுப்பினேன். குரலிலும் அனுப்பினேன். எல்லாம் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றன. அலுமாரிக்குள் கிடக்கிற போனுக்கு யார் படித்துக் காட்டுவது?

கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே. மேட்டில் ஏறி நானா கடை வாசலில் போய் நின்றேன். ஒன்றேகாலுக்குத் தொப்பியும் வெள்ளைச் சாரமுமாக வந்தார்.

"ஏன் தம்பி வெயில்ல நிக்கிறீங்க? மொகம் ஏன் இப்பிடி ஈக்கி?"

கத்தினேன். மெயினை இறக்காமல் தொழப் போனால் அல்லாஹ் கோபித்துக்கொள்வாரா என்றுகூடக் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கோபிக்கவில்லை. கடையைத் திறந்து, மெயினை ஏற்றி, ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, நான் இருவது வருஷமா வெள்ளிக்கிழமை மெயினை எறக்குறன். மாத்தளையில நாய்க்கும் தெரியும். எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லியிருந்தா நான் விட்டுட்டுப் போயிருக்க மாட்டனா? மனுசி பேசுறாவென்டு ஒரு வார்த்த."

ஒரு வார்த்தை. அவருக்கும் நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்று முதுகில் தட்டினார். மன்னிப்புக் கேட்க எனக்கு மறுநாள் வரை ஆயிற்று.

அடுத்த வாரம் முழுக்க நான் செய்த வேலையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஃபயர்வோல் இனித் தூரத்தில் இருப்பதைத்தான் கேட்கும். ஒரு லைன் செத்தால் என் கைப்பேசி மற்ற லைனுக்குத் தானாக மாறும். நானா வெள்ளிக்கிழமை மெயினைத் தொடவில்லை. ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, எங்கள் அன்டெனாவை மட்டும் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். அவர் போய்ச் சேரும்போது பயான் பாதி முடிந்திருக்கும்.

பன்னிரண்டு பத்துக்கு அவள் எடுத்தாள். என் செய்திகள் எல்லாம் அவளுக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தன. கண் சிவந்திருந்தது. கடதாசி ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது என்றாள். இனி மாற்ற முடியாதாம்.

நான் விளக்கினேன். நானாவின் மெயின் சுவிட்ச், ஜும்மா, கூரைப் பெட்டி, பொய்ப் பச்சை. நான் சொன்னேன், சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், லைன்தான் செத்துப்போயிற்று என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததையும் அத்தையைக் கூப்பிட்டதையும் சொன்னேன். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகு நேரம் பேசவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பயந்து பார்த்தேன். நிற்கவில்லை. அவள் மூச்சு விடுவது தெரிந்தது.

"அதுக்கு முன்ன நாலு வெள்ளிக்கெழம லைன் நல்லாத்தானேங்க இருந்திச்சி," என்றாள். "நாலு தடவயும் கேட்டேனே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். இரண்டு லைனும் உயிரோடு இருந்தன.

"சரி, இப்பச் சொல்லுங்க," என்றாள். "நீங்க சொல்றத நான் கேக்கணும்."

"வந்துடு," என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தலையாட்டினாள்.

"வர்றேங்க. ரெண்டு வருசம் பொறுத்துக்கங்க."